ஆடாமல் ஜெயித்த மாப்பிள்ளை

காலை ஐந்து ஐம்பதுக்கு, கோப்பை ஜெயித்த இந்தியக் கால்பந்து அணியின் இருபது பேரில் ஒருவன் என்கிற பையன் நிஜம்தானா என்று கேட்டுக்கொண்டு, புத்தூர் பழ மண்டி கஜேந்திரன் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் என் முன்னால் வந்து நின்றார். ஜில்லா நிருபர் வேலையில் கெட்ட செய்தியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். லாரி கவிழ்ந்தது என்றால் கவிழ்ந்ததுதான். நல்ல செய்தி என்றால்தான் சாட்சி கேட்பார்கள். எங்கள் தமிழ்ப் பேப்பர் வேலூரில் அச்சாகி முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு வரும். பேப்பர்க் கட்டுகளை இறக்க நான் அங்கே நிற்பேன் என்பது எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் ரேஷன் கார்டு முதல் மாப்பிள்ளை விசாரணை வரை அந்த நேரத்துக்கே வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையை விசாரித்துச் சொல்லும்படி உங்களிடமும் யாராவது வந்திருந்தால், மேலே படியுங்கள், நீங்களும் என் கட்சிதான்.

கஜேந்திரனின் மகள் சரளாவுக்குப் பேசியிருந்த பையன் தாமோதரம். பாகாலா பக்கத்துக் கிராமம். கூலி வேலைக்குப் போகிற குடும்பம். பாகாலா ரயில்வே மைதானத்தில் பந்து பிடிக்கக் கற்று, மெட்ராஸில் ஒரு ஆபீஸ் டீமில் கோல்கீப்பராகி, அங்கிருந்து இந்திய அணிக்குப் போனதாகத் தரகர் சொல்லியிருந்தார். வளைகுடா நாடு ஒன்றில் நம் அணி கோப்பை ஜெயித்தது உண்மை. அதில் தாமோதரம் இருந்தானா என்பதுதான் கேள்வி. கஜேந்திரன் கைவசம் இன்னொரு வரன் வைத்திருந்தார், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பையன் அங்கே என்ன செய்கிறான் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. காலம் அப்படி.

“பங்குனி கடைசி முகூர்த்தத்துல நிச்சயம். நீ ஆமான்னா வெத்தல பாக்கு மாத்திக்கிறேன். இல்லன்னா பெங்களூருக்கு போன் போட்டுடுவேன். நல்லா யோசிச்சி சொல்லு பேப்பர்காரரே, எம் பொண்ணு வாழ்க்க இப்ப உன் கையில கீது.”

விசிலோடு வந்த கோச்

எனக்கே சந்தேகம் இருந்தது. காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் சந்திரகிரி பக்கம் ஒரு கபடி டீம் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவதாகச் செய்தி கொடுத்தார்கள். மாலை, மேளம், எம்.எல்.ஏ. எல்லாம் இருந்தது. ‘கடல் தாண்டும் நம் காளைகள்’ என்று தலைப்புப் போட்டு நான்தான் எழுதினேன். குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள் டீம் என்ற பெயரில் விசா வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை என்பது பிறகுதான் தெரிந்தது. போனவர்களில் திரும்பி வந்தவர் கோச் ஒருவர்தான். கழுத்தில் விசில் அப்படியே இருந்தது.

காளைகள் எங்கே என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஒருவன் ஒட்டகப் பண்ணையில், இருவர் சமையலில், மற்றவர்கள் கட்டட வேலையில் என்று அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். கோச் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“ஜெயிச்சிட்டாங்க சார், அடுத்த ரவுண்டு ஆடிக்கினு கீறாங்க, அதான் வரல.”

வெட்டிய ஓரம்

சாட்சி தேட நான் முதலில் போனது எங்கள் பேப்பருக்கே. ஏஜென்சி அனுப்பிய செய்தியில் களத்தில் ஆடிய பதினோரு பேரின் பெயர்தான் இருந்தது. தாமோதரம் மாற்று கோல்கீப்பர், அவன் பெயர் இல்லை. டெல்லியில் கால்பந்து சங்க ஆபீஸுக்கு எஸ்.டி.டி. போட்டேன். எடுத்தவர் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பூத்தில் மீட்டர் ஓடியதுதான் மிச்சம். தெலுங்குப் பேப்பர்களில் கேப்டன் கோப்பையோடு தனியாக நின்றார். எங்கள் பேப்பரில் மட்டும்தான் முழு அணியின் குரூப் போட்டோ வந்திருந்தது. ஓடிப்போய்ப் பழைய பேப்பரை எடுத்தேன். இடது ஓரத்தில் ஒரு ஆட்டக்காரர் சிரிக்கிறார். அவர் தோள்மேல் கையுறை போட்ட ஒரு கை. அந்தக் கைக்கு உடம்பு இல்லை.

வேலூர் டெஸ்க்குக்கு போன் போட்டேன். கடைசி நேரத்தில் ஒரு வீட்டுமனை விளம்பரம் வந்ததாம். படத்தில் ஒரு விரல்கடை குறைத்தார்களாம். வெட்டின துண்டு குப்பைக்குப் போய்விட்டது. முதல் கோல்கீப்பர் படத்தில் நடுவிலேயே நிற்கிறார், அதனால் அந்தக் கை தாமோதரத்தின் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று கஜேந்திரனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கையை வைத்துக்கொண்டு பெண் கொடுக்க முடியுமா என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. மறுபடி டெஸ்க்குக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். அந்தப் பக்கத்தில் சப் எடிட்டர் நிதானமாகச் சொன்னார்:

“ஓரத்துல நிக்கறவன வெட்டாம, நடுவுல நிக்கறவனையா சார் வெட்டச் சொல்றீங்க?”

கேபிள் பாபு

போட்டோ போனால் போகட்டும், இறுதி ஆட்டத்தை டி.வி.யில் காட்டினார்களே, கோப்பை வாங்கும்போது அவனும் மேடையேறியிருப்பானே என்று பாகாலாவுக்குப் போனேன். கேபிள் புதிதாக வந்திருந்தது. தாமோதரத்தின் கிராமத்துக்கும் அதே வயர்தான். ஊரில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கேட்டேன். ஆட்டம் பார்த்தோம், ஜெயித்தார்கள், தாமுவைப் பார்க்கவில்லை என்றார்கள். ஒருவர் குரலிலாவது வருத்தம் இருக்க வேண்டுமே? இல்லை. எனக்கு அப்பவே தெரியும் என்கிற முகம்தான் எல்லாரிடமும்.

கேபிள் ஆபரேட்டர் பாபுவின் அறைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசி விசில் அடித்ததும், அன்றைக்குப் போட வேண்டிய தெலுங்குப் படம் லேட்டாகிறது என்று நாலைந்து போன் வந்ததாம். பாபு கேசட்டைப் போட்டுவிட்டார். அங்கே கோப்பை கை மாறிய நேரத்தில் பாகாலா முழுக்க டைட்டில் பாட்டு ஓடியிருக்கிறது. ஒரு ஐந்து நிமிஷம் பொறுத்திருந்தால் ஒரு பையனுடைய கல்யாணமே நடந்திருக்கும் என்றேன். பாபு வயரைச் சுற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மேட்ச் முடிஞ்சிபோச்சி, ஜெயிச்சாச்சி, அப்புறம் சும்மா கை குடுத்துக்கினு நிப்பாங்க. அத எவன் பாப்பான்?”

புலிக் கம்பளி

தாமோதரத்தை அவன் வீட்டில் பார்த்தேன். உயரமான பையன், குனிந்துதான் வாசலில் நுழைய முடிந்தது. கைவிரல்களில் இரண்டு கோணல். மெடலைக் காட்டினான். நான் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ரெட்டெப்பா வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடம் குவைத்தில் டிரைவராக இருந்தவர். வெளிநாடு பற்றி அந்த ஊரில் கடைசி வார்த்தை அவருடையது. இந்த மாதிரி மெடல் திருப்பதி காந்தி ரோட்டில் கப், மெடல் விற்கிற கடையில் எந்தப் பேர் வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்பார்கள் என்றார். உண்மைதான். எங்கள் பிரஸ் கிளப் கேரம் போட்டிக்கு அங்கேதான் வாங்கினோம்.

ஆனால் ரெட்டெப்பாவின் சந்தேகம் மெடலில் இல்லை, பெட்டியில் இருந்தது. வளைகுடாவுக்குப் போய்வந்த எவரும் வெறும் கையோடு ஊருக்குள் நுழைந்ததில்லை. புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று, சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், டேப் ரிக்கார்டர். கம்பளியைப் பார்த்துத்தான் எத்தனை வருடம் இருந்தான், என்ன சம்பளம் என்று ஊர் கணக்குப் போடும். தாமோதரம் கொண்டுவந்தது ஒரு தோள்பை, அதில் அழுக்கு ஜெர்சி இரண்டு, கிழிந்த கையுறை ஒரு ஜோடி. ஆக, டீம் பேரில் வேலைக்குப் போயிருக்கிறான், ஏர்போர்ட்டிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பிராக்டீஸ், ஓட்டல், மைதானம் தவிர வேறு எங்கேயும் விடவில்லை என்று தாமோதரம் சொல்லச் சொல்ல, ரெட்டெப்பா அவன் முதுகை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார்.

“பரவால்லேதுரா தாமு, எனக்கும் மொதல் வாட்டி திருப்பிதான் அனுப்பிட்டாங்க. இதுல சிக்குப்பட, வெக்கப்பட இன்னா கீது?”

மண்டியில் ஒரு சோதனை

நான் இன்னும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கஜேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. பையனை மண்டிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கோல்கீப்பர் என்றால் எது வந்தாலும் பிடிக்க வேண்டும், பிடிக்கட்டும், கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தர்பூசணி சீசன். லாரி ஒன்று இறக்கத் தயாராக நின்றது. மேலே இருந்த ஆள் ஒரு நல்ல கனமான காயை எடுத்து, எச்சரிக்கை இல்லாமல், தாமோதரத்தின் தலைக்கு மேலே வீசினார்.

பையன் எம்பியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த உயரத்தில், அந்த நீளத்தில், ஒரு உடம்பு தரையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அடுத்தது இடது பக்கம், அடுத்தது வலது பக்கம், அடுத்தது முட்டி உயரத்தில். ஒன்றும் உடையவில்லை. போதும், எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று நான் கஜேந்திரன் பக்கம் திரும்பினேன். அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்குகிற ஆட்கள் வரிசையாக நின்று, பீடியை வாயிலிருந்து எடுக்காமல், காயைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே பிடித்தார். கஜேந்திரன் அவரை எனக்குக் கை நீட்டிக் காட்டினார்.

“தர்பூசணி புடிச்சா இந்தியா டீமுன்னா, எங்கிட்ட லோடு எறக்கறவன் எல்லாமே இந்தியா டீம்தான், போய்யா.”

ஐந்து மொட்டை

நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தாமோதரமே ஒரு செய்தியோடு வந்தான். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஓட்டலில் அவன் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறான், ஜெயித்தால் திருமலையில் முடி கொடுப்பதாக. அறையில் இருந்த கேப்டனும் இன்னும் மூன்று பேரும் தாங்களும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலு பேரும் இப்போது வருகிறார்கள், மலையிலிருந்து இறங்கியதும் நேராகப் புத்தூருக்கே அழைத்து வருகிறேன் என்றான். எனக்கு மூச்சு வந்தது. கோப்பை தூக்கிய கேப்டனே கஜேந்திரன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து சொன்னால், அதற்கு மேல் என்ன வேண்டும்?

உட்கார்ந்தார். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்து தலையிலும் சந்தனம். நான் பையிலிருந்து எங்கள் பேப்பரை எடுத்து, படத்தில் கோப்பையோடு நிற்கிறவரையும் நாற்காலியில் இருக்கிறவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் இருப்பவருக்குத் தோள் வரை சுருட்டை முடி. நாற்காலியில் இருப்பவருக்குக் காதுதான் பெரிதாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. கேப்டன் இந்தியில் நிறையப் பேசினார். அதைத் தாமோதரம் தமிழில் சொன்னான்: நான் நல்ல கீப்பராம், டீமுக்கு ரொம்ப முக்கியமாம். சொல்லும்போது கூச்சத்தில் அவன் குரல் இறங்கிப்போனது.

கஜேந்திரன் என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“அவன் பேசறது நமக்குத் தெரியாது, அத நமக்கு சொல்றது மாப்ள. போவட்டும், கேப்டனுன்னு இட்டாந்துட்டா ஆச்சா? திருப்பதில மொட்டைக்கா பஞ்சம்?”

சரளா கேட்டது

கூடத்தில் தர்பூசணித் துண்டு போட்ட தட்டுகளோடு சரளா வந்தாள். புத்தூரில் டிகிரி முடித்த பெண். அப்பாவின் மண்டிக் கணக்கு அவள்தான் பார்ப்பாள். தட்டுகளை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். போகவில்லை. தாமோதரத்துக்கு எதிரே நின்றாள்.

“ஃபைனல்ல எத்தினி நேரம் ஆடினீங்க?”

“ஆடலீங்க. உக்காந்துக்கினு இருந்தேன்.”

“அதுக்கு முந்தின மேட்ச்சு?”

“அதுலயும் உக்காந்துக்கினுதான் இருந்தேன்.” அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். “எல்லா மேட்ச்சுமே உக்காந்துக்கினுதாங்க.”

“அப்ப அங்க போயி இன்னாதான் பண்ணீங்க?”

“பிராக்டீஸ்ல இவங்க அடிக்கறத புடிப்பேன். காலைல, சாயங்காலம். பெனால்டி அடிச்சிப் பழகறப்ப நான்தான் நிப்பேன். இந்த வெரலு அப்ப போனதுதான்.” கேப்டனைக் காட்டினான். “இவரு அடிச்சது.”

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்து கேப்டன் தலையாட்டினார். அவன் கையை இழுத்து, கோணலான விரலைத் தூக்கிப் பிடித்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆனால் சரளா விரலைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

“நைனா, பொய் சொல்றவரா இருந்தா நாலு கோலு தடுத்தேன்னு சொல்ல மாட்டாரா? பிளேன் ஏறிப் போயி உக்காந்துக்கினு இருந்துட்டு வந்தேன்னு எவனாச்சும் பொய் சொல்லுவானா?”

நான் எத்தனை பேரை இந்த ஜில்லாவில் கேள்வி கேட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. கஜேந்திரன் ஒரு தர்பூசணித் துண்டைக் கடித்தார். மென்றார். விதையைக் கையில் துப்பிக்கொண்டார். தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். அது வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை.

“அது சரி, ஆடாதவனுக்கு எதுக்கு மெடல் குடுத்தாங்க?”

முடி வளர்ந்த கேப்டன்

கல்யாணம் ஆவணி கடைசியில். புத்தூர் சத்திரத்தில் பாகாலாக்காரர்கள் ஒரு பக்கம், மண்டிக்காரர்கள் ஒரு பக்கம். ரெட்டெப்பா புலிக் கம்பளி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கும்படி மணவறை ஓரத்தில் விரித்து வைத்தார். இனி யாரும் பையனைக் குறை சொல்ல முடியாது என்று என் காதில் சொன்னார். கேபிள் பாபு வீடியோ எடுத்தார். தாலி கட்டும்போது நிறுத்தாமல் எடுக்க வேண்டும் என்று நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்த நேரத்தில் வாசலில் சத்தம். போய்ப் பார்த்தால் கஜேந்திரன் இரண்டு கையையும் விரித்து ஒரு ஆளை மறித்துக்கொண்டு நிற்கிறார். சுருட்டை முடி தலை நிறைய வளர்ந்திருந்தது. எங்கள் பேப்பர் படத்தில் இருந்த அதே முகம். இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கேப்டன் தன்னைத் தொட்டு “கேப்டன், கேப்டன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஜேந்திரன் அசையவில்லை.

“எங்க மாப்ளயோட கேப்டன எனக்குத் தெரியும், அவரு மொட்டை. நீ எந்தக் கேப்டன்?”

அடுத்த கோப்பை

மறு வருடம் ஆவணியில் அதே கோப்பைக்கு நம் அணி மறுபடி போனது. இரண்டாவது ஆட்டத்தில் முதல் கோல்கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது. அரையிறுதியில் தாமோதரம் இறங்கினான். பாகாலாவில் கேபிள் பாபு கேசட்டைத் தொடவே இல்லை. புத்தூர் மண்டியில் டி.வி.யை வெளியே கொண்டுவந்து மூட்டைமேல் வைத்திருந்தார்கள். இறக்குகிற ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சரளா கைக்குழந்தையோடு நின்றுகொண்டே பார்த்தாள். பையன் முதல் பாதியில் இரண்டு பந்தைப் பறந்து பிடித்தான். அதை யாரும் பேசவில்லை. பிறகு ஒன்று உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. கடைசியில் மூன்றாவதும் போனது. ஒவ்வொரு முறையும் கேமரா அவன் முகத்துக்குப் பக்கத்தில் போய், நிறுத்தி, திரும்பத் திரும்பக் காட்டியது. சித்தூர் ஜில்லாவில் அவனை அன்றைக்குப் பார்க்காத வீடு இல்லை.

ஆட்டம் முடிந்ததும் நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் கஜேந்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். முகத்தில் வருத்தமும் இருந்தது, நான் அதுவரை அங்கே பார்த்திராத ஒரு நிம்மதியும் இருந்தது.

“மூணையும் வுட்டது எங்க மாப்ளதான். சந்தேகமே இல்ல. பேரு போட்டு எழுது.”

எழுதினேன். ஆவணி மூன்றாம் திங்கட்கிழமை எங்கள் பேப்பரில் அந்தப் படம் நாலு பத்தி அகலத்தில் வந்தது: பந்து வலைக்குள், தாமோதரம் தரையில், ஓரம் எதுவும் வெட்டப்படவில்லை.